கரியில் எழுதிய சட்டம்

கற்பிட்டிப் பக்கம் ஒரு கம்பனி கடற்கரை நிலத்தை வேலியடைத்திருந்தது. தனிச் சட்டங்களோடு அங்கே ஒரு நகரம் கட்டி, எப்படிப் போகிறதென்று பரீட்சித்துப் பார்ப்பது திட்டம். அந்தச் சட்டங்களைத் தமிழில் மொழிபெயர்த்துத் தருவதற்காக நான் போயிருந்தேன். வெறும் மணலுக்கு நடுவே காவலாளி மட்டும் இருந்தார். வெண்தாடி, வெயிலில் வெளுத்த தொப்பி, தோளில் ஓர் ஈரத்துணி. அங்குள்ள முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் அவரை நானும் ‘நானா’ என்றே அழைத்தேன்.

வரப்போகும் நகரத்தின் படம் போட்ட பெரிய பலகை ஒன்று நின்றது. அதன் பின்பக்கத்தில் கரித்துண்டால் ஏதோ எழுதியிருந்தார். வேலிக்குள் கருவாடு காயப்போட வரும் பெண்களுக்கு அவர் போட்ட சட்டமாம். யாருக்கு எந்த இடமென்று வாராவாரம் சீட்டுக் குலுக்க வேண்டும். கருவாட்டுப் பக்கம் ஆட்டை அவிழ்த்துவிடக் கூடாது.

“கம்பனிக்குத் தெரியுமா, நானா?”

“அவங்க கேக்கல்ல, நான் சொல்லல்ல.”

“ஏன் கரியில எழுதியிருக்கிறீங்க?”

“சண்டை வந்தா அழிக்கணுமே. வெள்ளிக்கிழம ஜும்மாத் தொழுக முடிஞ்சு வந்து பொம்பளைகள்ட்ட கேப்பன். சரிவரல்லண்டா தொடச்சிட்டு வேற எழுதுவன்.”

என் கையிலிருந்த கம்பனிச் சட்டங்களின் தடித்த கோப்பைப் பார்த்தார்.

“இத எழுதின ஆக்கள் இங்கயா இரிக்கப் போறாங்க, சேர்?”

“இல்லை, கொழும்பில.”

“அப்ப சட்டம் பிழையாப் போனா அவங்களுக்கு எப்புடித் தெரியும்?”

கோப்பைப் புரட்டினேன். தண்டங்களுக்கு ஓர் அத்தியாயமே இருந்தது. சட்டத்தை மாற்றுவது பற்றி ஒரு வரிகூட இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை; ஜும்மா முடிந்து, பெண்களிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். அவர் துணியை நனைத்துக்கொண்டு பலகைக்குப் பின்னால் போனார். கோப்பை நான் எப்போதோ முடித்துக் கொடுத்துவிட்டேன். அன்று எதை அழித்தார் என்பதுதான் எனக்கு இன்னும் தெரிய வேண்டியிருக்கிறது.