பாலத்துக்கு இரண்டு பேர்

“இந்தப் பாலத்தைச் செஞ்சவன் முதல் ஆட்டத்தைக் கண்ணால கூடப் பாத்திருக்க மாட்டான்!”

வீடியோ கேம் ஆடிக்கொண்டே என் தம்பி டிவியைப் பார்த்துக் கத்தினான். அவன் மகள் வேலை பார்க்கும் ஊரிலிருந்து வந்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்காமல் கதவோரம் நின்றிருந்தாள்.

“அதைச் செஞ்சது நான்தாம்ப்பா.”

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் வாயை மூடியிருப்பான். இவனா மூடுவான்?

“நீ செஞ்சா மட்டும் கோணல் நேராயிடுமா?”

தம்பி சாவி போடுகிறவன். பஸ் நிலையத்துக்கு எதிரே, உட்கார்ந்தால் முழங்கால் தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும் கடை. முப்பத்தோரு வருஷமாக அதில்தான் பிழைப்பு. புதுச் சாவியை அரத்தால் ராவி முடித்ததும் அசலோடு சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பான். நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ராவுவான். கடையில் அது நல்ல குணம். வீட்டில் அதுவே சனியன். இன்றைய குழம்பை நேற்றைய குழம்போடு வைத்துப் பார்ப்பான். என்னைச் செத்துப்போன அவன் பெண்டாட்டியோடு வைத்துப் பார்ப்பான்.

அவள் போனபோது மகளுக்கு ஆறு வயது. என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்தபோதும் அவர் பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. ஆக நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். மகளை வாலு என்றுதான் கூப்பிடுவோம்.

வாலுவுக்குப் பத்து வயதில் தம்பி பழைய வீடியோ கேம் மெஷின் ஒன்று வாங்கி வந்தான். அதில் ஓர் ஆட்டம். இரண்டு பேர் ஒரே விளக்கைத் தூக்கிக்கொண்டு சுரங்கத்தில் போக வேண்டும். ஒருவர் பின்தங்கினால் விளக்கு அணைந்துவிடும். உலகமே புகழ்ந்த ஆட்டமாம். கடையடைத்து வந்து கை கழுவியதும் “வாலு, விளக்கைப் பிடி” என்பான். எட்டு தடவை முடித்தார்கள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பார்த்த எனக்கே எந்த மூலையில் வௌவால் வரும் என்று மனப்பாடம்.

அந்தப் பெண் படித்து, அதே ஆட்டத்தைச் செய்த கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். அதன் இரண்டாம் ஆட்டம் வெளிவந்ததும் புது மெஷினோடு பார்சலில் அனுப்பினாள். “நான் லீவு போட்டு வர்றேன், அப்புறம் பிரிங்க” என்று போனில் சொன்னாள். இவன் அன்றைக்கே பிரித்தான்.

பெட்டிக்குள் ஒரே ஒரு ஜாய்ஸ்டிக். தனியாக ஆடினால் கூட வரும் ஆளை மெஷினே நடத்தும். பாலம் வந்தது. ஒருவர் சங்கிலியை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் நடக்க வேண்டும். மெஷின் ஆள் பாதியில் கையை விட்டுவிடுவான். தம்பி தண்ணீரில் விழுவான். இரண்டு வாரமாக விழுந்துகொண்டே இருந்தான். முதல் ஆட்டத்தைப் பக்கத்தில் வைத்து வெளிச்சம் பார்த்துக்கொண்டும் இருந்தான். அந்தக் கோபத்தில்தான் கத்தினான்.

வாலு சண்டை போடவில்லை. “யாரோடப்பா ஆடினீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“யாரோட ஆடணும்? உங்க அத்தையோடயா?”

நாலு நாள் லீவு. மறுநாள் காலையிலேயே கிளம்பினாள். பையை அடுக்கும்போது பார்த்தேன். துண்டில் சுற்றி, அடியில் இன்னொரு ஜாய்ஸ்டிக்.

“சொல்லாதீங்க அத்தை,” என்றாள்.

என் வாயைப் பற்றித் தெருவுக்கே தெரியும். கேட்காதவனையும் நிறுத்தி வைத்துச் சொல்லுவேன். அந்த ஒரு விஷயத்தில் மூடிக்கொண்டேன். அவனே உணர்ந்து வரட்டும் என்ற வீம்பு. மூடக் கூடாத நேரத்தில் மூடினேன்.

பதினோரு மாதம் அவள் வரவில்லை. போன் எனக்குத்தான் வரும். “அப்பாகிட்ட குடுக்கட்டுமா?” என்றால், “மீட்டிங் அத்தை” என்பாள். அவன் காதை மட்டும் இங்கே வைத்துவிட்டு, கடையிலிருந்து எடுத்து வந்த சாவியை, ராவினதையே ராவிக்கொண்டிருப்பான்.

ஒரு விடுமுறை நாள். திரும்பவும் ஆடினான், திரும்பவும் விழுந்தான். “பாத்தியா, இன்னும் அதே கோணல்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “கோணல் பாலத்துல இல்லடா, உன் புத்தியில. அந்தப் புள்ள அன்னைக்கு இன்னொரு ஜாய்ஸ்டிக்கைத் துண்டுல சுத்திக் கொண்டாந்துச்சு. உன்கூட ஆட.”

சட்டையை மாட்டிக்கொண்டு போனான். ஒரு மணி நேரத்தில் ஒரு பெட்டியோடு வந்தான். பிரித்து, உள்ளே இருந்த ஜாய்ஸ்டிக்கை என் கையில் திணித்தான்.

“இந்தப் பட்டனை அமுக்கிக்கிட்டே இரு, அக்கா.”

“என் விரலு மடங்காதுடா.”

“மடங்கற வரைக்கும்.”

இரண்டு தடவை விட்டுவிட்டேன். தண்ணீரில் விழுந்தான், திட்டவில்லை. மூன்றாம் தடவை அக்கரை போய்விட்டான். அங்கே அவன் சங்கிலியைப் பிடிக்க, நான் நடக்க வேண்டும். எனக்கு இடமா வலமா தெரியவில்லை. சுவரில் முட்டினேன், வந்த வழியே திரும்பினேன். பாலம் அசையாமல் நின்றது.

“அவசரமே இல்லக்கா. நான் பிடிச்சிருக்கற வரைக்கும் நீ எவ்வளவு நேரம் வேணா எடுத்துக்கலாம்.” சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

முதல் ஆட்டத்தில் வாலுவால்தான் விளக்கு அணையும். “சீக்கிரம் வாடி” என்று இவன் கத்துவான். அழுதுகொண்டே ஓடிவருவாள். அதைத்தான் மாற்றியிருக்கிறாள்.

அவனே ஸ்பீக்கரில் போன் போட்டான். வாலு எடுத்துவிட்டாள்.

“பாலம் தாண்டிட்டேம்மா.”

“யாரோட?”

“அத்தையோட.”

“அத்தையா!” லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

“முதல் ஆட்டத்த விட இது நல்லாயிருக்கும்மா. நான்தான்...”

“சரிப்பா.”

“அடுத்த ஆட்டத்துலயும் பாலம் வைப்பியா?”

“அன்னைக்கு வந்துட்டுப் போனதுமே அந்த வேலைய விட்டுட்டேம்ப்பா. இப்ப கணக்குப் பிரிவுல இருக்கேன்.”

அவன் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தான். அவளே பேச்சை மாற்றினாள்.

“இன்னொரு ஜாய்ஸ்டிக் ஏது? வாங்கினீங்களா? எவ்வளவு?”

“மூவாயிரத்து அறுநூறு,” என்றான்.