பாஸான தண்ணீர்

போன வாரம் நண்பர் ஒருவருக்குத் துணையாக மன்னார்குடி பக்கம் ஒரு மாடர்ன் ரைஸ் மில்லுக்குப் போயிருந்தேன். முதலாளி அறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டு ஒரு காகிதம். 'நீர் குடிப்பதற்கு உகந்தது.' கீழே ஜெஸியின் கையெழுத்து.



ஜெஸி என் பால்ய நண்பனின் மகள். கூடப் படித்தவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு அமெரிக்காவுக்கு ஃப்ளைட் ஏறியபோது, இவள் மட்டும் சுற்றுச்சூழல் படித்தாள். 'அதுக்கெல்லாம் வேலை இருக்கா?' என்று கேட்காதவர்கள் பாக்கியில்லை. நானும்தான் கேட்டேன்.

வேலை கிடைத்தது. தண்ணீரைச் சோதித்து ரிப்போர்ட் கொடுக்கும் ஆபீஸில். முதல் கேஸே இந்த மில்! நெல் அவித்த கழிவுநீரை வாய்க்காலில் விடுகிறார்கள், அடிபம்பில் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். மில்லோ இரண்டாவது யூனிட்டுக்கு அனுமதி கேட்டு நின்றது. தண்ணீர் மோசம் என்று ரிப்போர்ட் வந்தால் அனுமதி கிடையாது. அவ்வளவுதான் விஷயம்.

அந்த ஊரில்தான் ஜெஸியின் அத்தை கிரேஸ் வீடு. நானும் கூடப் போனேன். அத்தை வீட்டு அடிபம்பில் பாட்டிலை நிரப்பி, சீல் வைக்க உட்கார்ந்தாள் ஜெஸி. "மொதல்ல வந்து காபியைக் குடிம்மா, ஆறிடப் போவுது" என்று அவளை உள்ளே கூப்பிட்டது யார்? அடியேன்தான்.

பத்தே நிமிஷம். திரும்பி வந்து சீல் வைத்தாள். வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில்... உள்ளே என்ன நிறம் என்று வெளியே தெரியாது.

ரிப்போர்ட் வந்தது. தண்ணீரில் ஒரு குறையும் இல்லை! மாதிரி எடுத்தவள் என்ற முறையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, குழம்பிப்போய் அத்தையிடம் ஓடினாள்.

"பாஸாயிடுச்சா கண்ணு? எனக்குத் தெரியும்!"

"என்ன அத்தை செஞ்சீங்க?"

"அந்த அழுக்குத் தண்ணியையா ஆபீசுக்குக் குடுத்து விடுறது? கொட்டிட்டு, மெயின்ரோட்டு பைப்புலேருந்து தூக்கிட்டு வந்த நல்ல தண்ணியை ஊத்தி வச்சேன். மொத பரீட்சையிலேயே எங்க ஜெஸி ஃபெயிலாகலாமா?"

யாரைத் திட்டுவது? டெஸ்ட் என்றால் பாஸாக வேண்டும் — இதைத் தவிர நாம் யாருக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால் மட்டும் சர்க்கரையை நிறுத்துகிற கூட்டம்தானே நாம்!

ஜெஸி நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தாள். "சீல் வைக்காம பாட்டிலை விட்டுட்டுப் போனது நீங்கதானேம்மா?" என்றார் மேலதிகாரி. வெளியே போய் மாதிரி எடுக்கும் வேலை பறிபோனது. அனுமதி அதற்குள் மில்லின் கைக்குப் போயிருந்தது. இன்றைக்கு அவள் துபாயில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் கம்பெனியில் இருக்கிறாள். இங்கே இரண்டாவது யூனிட்டும் ஓடுகிறது. இனி அந்த ஊர்த் தண்ணீர் தெளியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

மில்லிலிருந்து திரும்பும்போது கிரேஸைப் பார்க்கப் போனேன். டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். "பைப்புத் தண்ணிதான், பயப்படாமக் குடிங்கண்ணே." அடிபம்பைப் பார்த்துக்கொண்டே நின்றவர் சொன்னார்:

"ஃபெயிலாவணும்னு யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே..."

அன்றைக்கு அந்தப் பத்து நிமிஷமும் நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.