உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்ட நடுவர்

ஆவடி மைதானத்து நாய்க் கண்காட்சிக்கு நான் பரிசு வாங்கப் போகவில்லை. குட்டைக் கால் டாஷண்ட் நாய்களுக்கு முதுகெலும்பு சீக்கிரம் கெட்டுவிடும் என்று யாரோ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எங்கள் பன்னுவை மாடிப்படியில் நான்தான் தூக்கிக்கொண்டு ஏறுவேன். நடுவர் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்றுதான் பெயர் கொடுத்தேன்.

"இன்னா அண்ணாத்தே, நாய் பாதிக் கால ஊட்லயே உட்டுட்டு வந்துட்ச்சா?" என்றான் வேலியோரம் நின்ற ஒருவன்.

நடுவர், வெள்ளைத் தொப்பி போட்ட, ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா. அந்த வெயிலிலும் ஒவ்வொரு நாயையும் தொடும் முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். மேஜைமேல் நின்ற பன்னுவின் முதுகைக் கழுத்திலிருந்து வால்வரை தடவினார்.

"மேடம், முதுகு நல்லா கீதா?"

நடுவரிடம் பேசக் கூடாதாம். ஆனாலும் அவர் இன்னொரு முறை தடவிவிட்டு, "நல்லா இருக்கு, பயப்படாதீங்க" என்றார் மெதுவாக.

பரிசு வேறு நாய்க்குப் போனது. கிளம்பும்போது அவரே எங்களைத் தேடி வந்தார்.

"கொஞ்ச நேரம் தூக்கிக்கட்டுமா?"

"தாராளமா மேடம். உங்க ஊட்ல எத்தினி நாய் கீது?"

"இப்ப ஒண்ணும் இல்ல."

நெஞ்சுக்கு அடியில் ஒரு கை, பின்னங்கால்களுக்கு அடியில் ஒரு கை, முதுகு துளியும் வளையாமல் தூக்கினார். அவருடைய கார் டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தும் இறக்கிவிடவில்லை. நானும் பன்னுவைத் திருப்பிக் கேட்கவில்லை.

இன்றைக்கும் பன்னுவோடு படியேறும்போது, அவர் அப்படித் தூக்கிப் பழகிய நாய் எதுவோ என்று நினைத்துக்கொள்வேன்.