நேரே வீட்டுக்குத்தான் போனோம்

அந்த இறால் கடையில் பழுதாகவில்லை. என் காரில்தான் பழுதானது. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே சமைத்தேன், தெரிந்துகொண்டே பரிமாறினேன், பிறகு பழியைத் தூக்கி இன்னொருத்தியின் தலையில் போட்டேன்.

சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் முகத்தைச் சுளிக்கலாம். ஆனால், ஒஸ்லோவில் இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் வாழ்ந்த தமிழராக நீங்கள் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். ரொம்மனில் இருந்த அந்தத் தமிழ்க்கடையின் கதை உங்கள் காதுக்கும் வந்திருக்கும். "கேள்விப்பட்டனீங்களே?" என்று தொடங்கி நீங்களும் யாருக்காவது சொல்லியிருப்பீர்கள். ஒருமுறையாவது அந்தக் கடைக்காரியிடம் போய் விசாரித்தீர்களா? இல்லை! உங்களுக்குத் தேவைப்பட்டது உண்மையல்ல, தொலைபேசியில் கதைக்க ஒரு விஷயம். அதை நான் தந்தேன்.

நான் யார் என்று சொல்லவேண்டும். எல்லிங்ஸ்ருட்டில் குடியிருந்த, எதிலும் குறை காணத் தெரிந்த ஒரு பெண். இந்த நாட்டுச் சுப்பர்மார்க்கட்டுகளின் மேல் எனக்கிருந்த இளக்காரத்துக்கு அளவில்லை. பந்து மாதிரி வீங்கிய ஒரு கத்தரிக்காய், அதற்குள் பஞ்சு! உறைப்பே இல்லாத பச்சை மிளகாய். பூச்சாடியில் வைத்த நாலு கொத்தமல்லித் தண்டு, வீட்டுக்குக் கொண்டுவருமுன் தலை சாய்த்துவிடும். வலைப்பையில் கட்டிய வெங்காயத்தில் நடுவில் ஒன்று கட்டாயம் அழுகியிருக்கும். இதையெல்லாம் பேசாமல் வாங்கிக்கொண்டு, காசாளருக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போகும் நோர்வேக்காரர்களைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். என்ன பிறவிகள்!

நான் அப்படியில்லை. திருப்பிக் கொடுப்பேன். வெட்டிய பாண் ரொட்டியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பாதி குடித்த பாலைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். "பெக்லாகர்" என்று அவர்கள் தங்கள் மொழியில் வருத்தம் தெரிவிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன். எங்கள் பெண்கள் மத்தியில் இதனால் எனக்கு ஒரு பெயரே இருந்தது. "அக்கா, இதைத் திருப்பிக் குடுக்கலாமோ?" என்று என்னிடம்தான் கேட்பார்கள். சாமான் நல்லதா கெட்டதா என்று நான் சொன்னால் அதற்கு மறுபேச்சில்லை.

அந்தப் பெயர்தான் பிறகு ஒரு குடும்பத்தைக் கெடுத்தது.

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் புதுக் குசினி பொருத்தினோம். கல் பதித்த மேடை, சத்தமில்லாமல் மூடும் இழுப்பறைகள்... அதைப் பார்த்து நாலு பேர் வயிறெரியாவிட்டால் கட்டி என்ன பயன்? தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பழக்கமான குடும்பங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். என் இறால் குழம்புக்கும் ஒரு பெயர் இருந்தது. அதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்து வருவார்கள்.

சுப்பர்மார்க்கட்டில் இறால் உண்டு. ஆனால் ஏற்கனவே அவித்தது. பாணில் வைத்துத் தின்பதற்கு! பச்சை இறால் வேண்டுமென்றால் தமிழ்க்கடைக்குத்தான் போகவேண்டும்.

ரொம்மன் கடையைப் பத்மாவும் அவள் கணவன் சிவராசாவும் நடத்தினார்கள். மட்டக்களப்புக்காரர். நான் யாழ்ப்பாணம். இதைச் சொன்னாலே உங்களுக்கு மற்றது விளங்கும். விளங்காத மாதிரி நடிக்கவேண்டாம்! அவளுடைய பேச்சை வீட்டில் நான் பழித்துக் காட்டியிருக்கிறேன். என் கணவரும் சிரித்திருக்கிறார். அந்தக் கடைக்குள் நுழையும்போதே மூக்கைச் சுருக்கிக்கொள்வேன். உண்மையில் அங்கே எந்த நாற்றமும் இருந்ததில்லை. பத்மா துடைத்துத் துடைத்தே தேய்த்த கடை அது.

சனிக்கிழமை காலை நானும் கணவரும் போனோம். நல்ல வெயில். பத்மா பிறீசருக்குள் குனிந்து, அடியில் இருந்து பொதிகளை எடுத்தாள்.

"நல்ல பெரிய இறால் வந்திரிக்கு அக்கா. கல்லு மாதிரி இறுகியிரிக்கு, பாருங்க. நேரே வீட்ட கொண்டு போயிருங்க. இந்த வெயிலுக்குத் தாங்காது."

"எங்களுக்குத் தெரியாதே?" என்றேன்.

அவள் சிரித்தாள். கோபித்ததாகத் தெரியவில்லை. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

நேரே வீட்டுக்குப் போகவில்லை. வழியில் இருந்த சுப்பர்மார்க்கட்டில் எனக்கு ஒரு வேலை இருந்தது. முதல்நாள் வாங்கிய கோழி மணத்தது. அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். காரை வெட்டவெளியில் நிறுத்தினோம். இறால் பின்னால் டிக்கிக்குள்.

கடையில் நின்ற பெண் கோழியைப் பார்த்ததுமே மன்னிப்புக் கேட்டாள், புதுக் கோழி எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அத்தோடு முடிந்திருக்கவேண்டிய விஷயம்... ஆனால் எனக்கு அது போதவில்லை! முகாமையாளரைக் கூப்பிடு என்றேன். அவர் வெளியே போயிருக்கிறார், வரச் சுணங்கும் என்றாள். நிற்கிறேன் என்றேன். நின்றேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் அவர்களை இளக்காரமாகப் பார்த்தேன். அழுகலை வாங்கித் தின்னப் பிறந்தவர்கள் என்று நினைத்தேன்.

கணவர் உள்ளே வந்தார். "வாரும், போவம். இறால் காருக்கை கிடக்குது."

"கிடக்கட்டும். ஐஸ்தானே, உருகினால் நல்லது. நாளைக்கு உரிக்கச் சுகம்."

முகாமையாளர் வந்தார். உணவுச் சுகாதாரம் பற்றி அவருக்கு ஒரு பிரசங்கமே வைத்தேன். உணவைக் குளிரில் வைக்கத் தெரியாதவர்களுக்குக் கடை எதற்கு என்று கேட்டேன். ஆம்... நான்தான் கேட்டேன்! வெளியே என் காருக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அப்போது என் நினைவிலேயே இல்லை. அவர் தலை குனிந்து கேட்டார். கோழிக் காசோடு ஒரு அன்பளிப்பு அட்டையும் தந்தார். அந்த வெற்றியைக் கொண்டாட அதே கட்டடத்தில் உட்கார்ந்து கோப்பி குடித்தோம், கேக் சாப்பிட்டோம், பிறகு புதுக் குசினிக்குத் திரைச்சீலை பார்க்கப் போனோம். வீட்டுக்கு வரும்போது மாலையாகிவிட்டது.

டிக்கியைத் திறந்ததும் கணவர் ஓரடி பின்னால் போனார்.

பொதிகள் தொளதொளவென்று கிடந்தன. பைக்குள் கலங்கிய தண்ணீர். அந்த மணம்... சமைக்கத் தெரிந்த எவளுக்கும் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

"எறிவம்," என்றார் அவர்.

"எறிஞ்சுபோட்டு நாளைக்கு என்னத்தை வைக்கிறது? கடையெல்லாம் பூட்டுற நேரம். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஒண்டும் திறக்காது."

"பிறீசருக்கை கோழி இருக்குத்தானே."

கோழி! கோழிக்கறி எந்த வீட்டில் இல்லை? என் புதுக் குசினியின் முதல் விருந்தில் கோழிக்கறியா? இறாலை உரித்தேன். மஞ்சளும் தேசிக்காய்ப்புளியும் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினேன். உள்ளியும் மிளகும் வழக்கத்தைவிட அள்ளிப் போட்டேன். கொதித்ததும் நல்ல வாசம் வந்தது. கொதிக்கிற சட்டியில் எந்தக் கிருமி நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பினேனா? நம்பியிருந்தால் மறுநாள் நானும் அதைச் சாப்பிட்டிருப்பேனே!

நான் சாப்பிடவில்லை. பரிமாறுகிறவள் பிறகுதானே சாப்பிடுவாள்? யாரும் கவனிக்கவில்லை. என் கணவர் பருப்பும் கத்தரிக்காயும் மட்டும் போட்டுச் சாப்பிட்டார். அதையும் யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அவரும் நான் கவனித்ததைக் கண்டார். விருந்தாளிகள் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வதனி என்ற ஒரு பிள்ளை, வயிற்றில் ஆறு மாதம், "அக்கா, எனக்கு இன்னும் கொஞ்சம்," என்று கோப்பையை நீட்டினாள்.

போட்டேன்.

ஒரு கணம் கரண்டி நின்றது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நிற்கவில்லை. போட்டேன்.

மறுநாள், விருந்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் படுக்கையில். வாந்தி, வயிற்றோட்டம். வதனியை ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். தண்ணீர் ஏற்றி, வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தார்கள். என்னை முதலில் அழைத்தவள் வதனியின் தமக்கை.

"அக்கா, குறை நினையாதேங்கோ... அந்த இறால் எங்கை வாங்கினது?"

கவனியுங்கள், அவள் என்னைச் சந்தேகிக்கவில்லை! என் கை சமைத்தது பிழையாகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"ரொம்மன் கடையிலை," என்றேன். அது உண்மைதானே!

"பத்மா கடையிலையோ?"

"ஓம். வாங்கேக்கையே எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது..."

அந்த இரண்டாவது வசனத்தில்தான் நான் விழுந்தேன். அதன்பிறகு ஒவ்வொரு அழைப்பிலும் கதை வளர்ந்தது. பிறீசர் மூடி திறந்து கிடந்தது என்றேன். பொதி மெத்தென்று இருந்தது என்றேன். ஒரு வாரத்துக்குள் அது நகரத்தின் மறுகோடியில் இருந்த மோர்டென்ஸ்ருட் வரை போய், நான் சொல்லாத எலியையும் கரப்பானையும் கூட்டிக்கொண்டு என்னிடமே திரும்பி வந்தது. உங்கள் கைவண்ணம்! சுப்பர்மார்க்கட்டில் அழுகிய தக்காளியைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு வாங்குகிற நீங்கள், ஒரு தமிழச்சியின் கடை என்றதும் என்ன வீரம் காட்டினீர்கள்!

உணவுப் பரிசோதனைக்காரர் கடைக்கு வந்து பார்த்துவிட்டு, குறையொன்றும் இல்லை என்று போனார்கள். அதை யார் கேட்டது? சனம் போகவில்லை.

ஒருநாள் பின்னேரம் பத்மா எங்கள் வீட்டு மணியை அடித்தாள். தனியாக வந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நான் சண்டைக்கு வரல்ல. ஒண்டே ஒண்டு மட்டும் கேக்கணும். அண்டைக்கு இறாலைக் கொண்டு நேரே வீட்டுக்குத்தானே வந்தீங்க?"

குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஒரு மாணவி ஆசிரியையிடம் விடை கேட்பதுபோலக் கேட்டாள். எனக்குப் பின்னால் விறாந்தையில் என் கணவர் நின்றார். அவர் மூச்சு எனக்குக் கேட்டது.

"ஓம்," என்றேன். "நேரே வீட்டுக்குத்தான் போனோம். வந்த உடனை பிறீசருக்கை வைச்சனான்."

அவள் என்னைக் கடந்து அவரைப் பார்த்தாள். "அண்ணே?"

அவர் ஆமென்று தலையாட்டினார். எந்த வாய் "எறிவம்" என்று சொன்னதோ, அந்த வாய் திறக்கவேயில்லை. நான் மணந்த வீரபுருஷர்! அன்றைக்கு அவரை நான் எவ்வளவு கேவலமாக நினைத்தேன் தெரியுமா? என்னைக் காப்பாற்றியதற்காக!

"அப்ப எங்கட பிழைதான் போல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பத்மா படியிறங்கினாள்.

அன்று இரவு கணவர் என்னிடம், "நீர் சொல்லும், இல்லாட்டி நான் சொல்லுவன்," என்றார். நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. வதனி நலமாக வீட்டுக்கு வந்தாள், பிறகு சுகப்பிரசவம். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்பதை நான் எனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டேன். பனி கொட்டத் தொடங்குமுன் பத்மாவின் கடை மூடப்பட்டுவிட்டது. அவளும் கணவனும் ஊரைவிட்டு வடக்கே எங்கோ மீன் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். "பாவம்," என்றேன் கேட்டவர்களிடம். நாக்குக் கூசாமல்!

சில வருடங்கள் கழித்து ஒரு திருமண மண்டபத்தில் அவளைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. விலகிப் போக நினைத்தேன். அதற்குள் அவளே என்னிடம் வந்துவிட்டாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்...

என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, உங்களைக் கண்டா சொல்லணும் எண்டு எத்தின நாள் நினைச்சிரிக்கன். அந்தப் பிறீசர் மூடியை முதல்நாள் நான்தான் சரியாச் சாத்தாம விட்டிருக்கணும். எனக்கு நினைப்பில்ல... ஆனா வேற எப்பிடி? அவரும் கோவம் வந்தா அதைத்தான் இண்டைக்கும் சொல்லிக் காட்டுவார். அந்தப் புள்ளைத்தாச்சிக்கு ஏதும் ஆகியிருந்தா... நினைச்சா நித்திரை வாறல்ல. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா."

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் வேறு எது? அருகில் யாருமில்லை. மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்டுமிராது. ஒரு வசனம் போதும். கார். வெயில். நான். தொண்டைவரை வந்தது என்று சத்தியம் செய்வேன்... ஆனால் என் சத்தியத்துக்கு என்ன மதிப்பு?

அவள் கையைத் தட்டிக் கொடுத்தேன்.

"அதையெல்லாம் விடும், பத்மா. நான் அப்பவே மன்னிச்சிட்டன்."

அவளுடைய கண் கலங்கிவிட்டது. "பெரிய மனசு அக்கா உங்களுக்கு," என்றாள்.

நான் மறுக்கவில்லை.