கண்மாய்க்குள் ஓர் ஏரோப்பிளேன்

என் வீட்டுக்காரர் ஏரோப்பிளேன் வாங்கிய செய்தியை எனக்குச் சொன்னவர் பால்காரர்.

"ஏந்த்தா, தெருமுக்குல ரெண்டு மாட்டுவண்டி நிக்கிது. ஒண்ணுல றெக்கை, இன்னொண்ணுல உடம்பு. ஒங்க வீட்டத்தேன் கேக்குறாய்ங்க."

காலையிலேயே கேலிக்கு நான்தான் கிடைத்தேனா என்று அவரைக் கடிந்துகொண்டு பாலை வாங்கி வைத்தேன். பால் பொங்குவதற்குள் வண்டிகள் வாசலுக்கு வந்துவிட்டன. பின்னாலேயே சைக்கிளை உருட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர். என் முகத்தைப் பார்க்காமல் வண்டிக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

அப்போது வில்லாபுரம் மதுரைக்கு வெளியே வயலும் கண்மாயுமாக இருந்த ஊர். அவருக்குத் தல்லாகுளத்தில் ஒரு மோட்டார் ஷெட்டில் வேலை. பஸ்ஸும் காரும் பழுது பார்ப்பார். அதற்கு முன்னால் சென்னப்பட்டணத்தில் ஏரோப்பிளேன் நிறுத்தும் கொட்டகை ஒன்றில் சில வருஷம் இருந்தவர். துடைப்பது, எண்ணெய் போடுவது, சக்கரத்துக்குக் காற்றடிப்பது என்று ஆரம்பித்து எஞ்சின் வரைக்கும் கற்றுக்கொண்டார். அங்கே ஒரு துரைக்கு இவரைப் பிடித்துப்போய், மேலே கூட்டிப் போகும்போதெல்லாம் ஓட்டும் கைப்பிடியை இவரிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். கல்யாணமான புதிதில் அந்தக் கதையை வாரத்துக்கு ஒரு தரம் கேட்டிருக்கிறேன். ஆனால் தானே ஒன்றை வாங்கி வந்து நிறுத்துவார் என்று எந்தப் பெண்டாட்டி நினைப்பாள்?

மலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் இங்கிலீஷ் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துத் தன் கையாலேயே கட்டியதாம் அது. ஒரே ஒருவர் உட்காரலாம். மரச்சட்டம், அதன்மேல் துணி, மூக்கில் மோட்டார் சைக்கிளுக்கு அண்ணன் மாதிரி ஓர் எஞ்சின். இரண்டொரு தரம் பறந்துவிட்டு, அவர் சீமைக்குத் திரும்பும்போது விறகுக்குப் போடுவதற்கு மனமில்லாமல் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது றெக்கைத் துணியில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. வைக்கோல் கொட்டகையைக் காலி செய்து அதை உள்ளே தள்ளினோம். வைக்கோல் வெளியே மழையில் நனைந்தது.

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், கிழிந்த றெக்கைத் துணியில் ஒரு துண்டைக் கொண்டுவந்து என் தையல் மிஷின்மேல் வைத்தார்.

"இந்த மாதிரி தையல் போட நம்மூர்ல ஆள் இருக்காங்களா?" என்றார்.

அந்தத் தெருப் பெண்களுக்கெல்லாம் நான்தான் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். துணியைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றின் ஓரத்தை இன்னொன்றுக்குள் மடித்து இரண்டு தையல் ஓட்டியிருந்தது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. "ஏன், எனக்குத் தெரியாதாக்கும்?" என்றேன். அவர் மீசைக்குள் சிரித்தார். வசமாக மாட்டிக்கொண்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

தறிக்காரர்களிடம் சொல்லி நெருக்கமாக நெய்த வெள்ளைத் துணி வாங்கினோம். துணியை இழுத்துக் கட்டித் தைத்தபிறகு அதன்மேல் ஒரு மருந்து பூச வேண்டும். காய்ந்தால் துணி மத்தளம் போல் விறைத்துக்கொள்ளும். மருந்து சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தது. அதுவரைக்கும் சும்மா இருப்பானேன் என்று, வேட்டிக்குப் போடுகிற சோற்றுக் கஞ்சியை நானே கெட்டியாகக் காய்ச்சி வால் பக்கத்தில் பூசிப் பார்த்தேன். என்னமாய் விறைத்தது! அவரே தட்டிப் பார்த்துவிட்டு அசந்துபோனார். வெயிலில் காயட்டும் என்று வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தோம். திரும்பிப் போய்ப் பார்த்தால், எதிர்வீட்டுப் பசு வால் துணியை முழுவதுமாக மென்று தின்றுவிட்டு, மிச்சமிருந்த சட்டத்தை நக்கிக்கொண்டிருந்தது. அதன்பிறகு மருந்து வரும் வரைக்கும் காத்திருந்தோம்.

இந்த இடத்தில் வேறொன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு எனக்கு இரண்டு தரம் தங்கிக் கலைந்திருந்தது.

பெண்டாட்டி உண்டாகியிருந்தால் புருஷன் முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது, பாடை தூக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் பார்ப்பதுதான். இவர் இதையெல்லாம் மதிக்கிறவர் இல்லை. முதல் தரம் சிநேகிதர் ஒருவர் இறந்துபோனபோது முதல் ஆளாகத் தோள் கொடுத்தார். இரண்டாம் தரம், கொடைக்கானல் பாதையில் நின்றுபோன பஸ்ஸைச் சரிசெய்ய மலைக்குப் போனார். திரும்பி வந்தபோது நான் படுத்த படுக்கையாகக் கிடந்தேன். உசிலம்பட்டிப் பக்கம் மூத்த மகன் வீட்டில் இருந்த மாமியார் வந்து, என்னை ஒரு சொல் சொல்லாமல் அவரைத்தான் ஏசினார். "சொன்னாக் கேக்குறானா? எல்லாம் இவென் செஞ்ச வேல." அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். கல் நெஞ்சுக்காரர் என்று அன்றைக்கு எனக்கு ஆத்திரமாக வந்தது.

றெக்கை தைத்துக்கொண்டிருந்த அந்தப் பங்குனியில் எனக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போயிற்று.

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று தெரியும். மாமியார் அடுத்த பஸ்ஸில் வந்து கொட்டகையைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொள்வார். மலையே ஏறக் கூடாது என்றால் ஆகாயத்தில் ஏற விடுவார்களா? ஏரோப்பிளேன் ஓடி எழும்பக் கண்மாய்த் தரையை விட்டால் வேறு வெட்டவெளி கிடையாது; அது காய்ந்து கிடக்கிற கோடைதான் ஓட்ட முடிகிற காலம். அதை விட்டால் ஒரு வருஷம் போய்விடும். அதுவரைக்கும் கறையான் சும்மா இருக்குமா? இன்னொன்றும் மனசில் இருந்தது. அவர் இதை விட்டுக்கொடுத்து, அப்புறம் இந்த முறையும் தங்காமல் போனால், அந்த மனுஷனுக்கு இரண்டும் இல்லாமல் போய்விடும். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பறந்துவிட்டு வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவுசெய்தேன்.

மறைப்பது லேசில்லை. மாதவிலக்கு நாட்களில் நான் பின்கட்டில் தனியாக உட்கார்ந்துகொள்வேன், அவர்தான் சமைப்பார். அந்த மாதமும் அடுத்த மாதமும் ஒன்றுமே நடக்காததுபோலப் பொய்யாகப் போய் உட்கார்ந்தேன். மூன்று நாளும் அவர் பொங்கிய சோறுதான். சோறா அது, களி. வெறும் மோரை ஊற்றிக் கொடுப்பார். எனக்கு இருந்த பசியில் அதையும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றேன்.

மருந்து வந்ததும் எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. டின்னைத் திறந்தால் அழுகிய வாழைப்பழ நெடி தெருக்கோடி வரைக்கும் அடிக்கும். நான் காலையில் வாந்தி எடுத்தால் அக்கம்பக்கத்தார் மருந்தைத்தான் திட்டினார்கள். ஆனால் முதல் நாளே அவர், "நீ பூச வேணாம். அந்தப் பக்கமே வராத, நெஞ்சுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார். ஒற்றை ஆளாகப் பூசினார். தையல் மட்டும் என் வேலை.

தைக்கும்போதுதான் கஷ்டம். ஊசி இறங்குகிற ஒவ்வொரு இடத்திலும் இது விட்டுப்போனால் என்ன ஆகும் என்ற நினைப்பு. வயிற்றுக்குள் இருப்பதற்கு அப்பன் வேண்டுமே என்று, ஒரு தையல் போதும் என்கிற இடத்தில் இரண்டு போட்டேன். சில சமயம் கண் நிறைந்து ஊசித்துளை தெரியாது. அவர் எதிரில் உட்கார்ந்து சட்டத்துக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருப்பார். "கண்ணுல என்ன?" என்பார். "ஒங்க மருந்து நெடி" என்பேன். அவரும் தலையை ஆட்டிவிட்டுத் தேய்ப்பார்.

இதற்கு நடுவே தாடி வேறு. சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே சவரம் செய்துகொண்டு ஆற்றுக்குப் போகிறது. இவர் மட்டும் தாடியும் மீசையுமாக வந்தார். நாவிதர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வேப்பமரத்தடிக்கு வந்து பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். "சாமியாராப் போகப் போறீகளா? எங்கிட்டயும் சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டேன். "வேலை கெடக்குல்ல, முடியட்டும்" என்றார். பைத்தியம் முற்றிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

வைகாசி பிறந்து ஒரு விடியற்காலையில் கண்மாய்க்குள் அதைத் தள்ளிக்கொண்டு போனோம். கரை முழுக்க ஜனம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, திருநீறு பூசி, சூடம் காட்டினேன். அவர் உள்ளே ஏறி உட்கார்ந்து என்னை ஒரு தரம் பார்த்தார். சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

காற்றாடி சுற்றியது. புழுதி எழும்பியது. கண்மாயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. வால் தூக்கிக்கொண்டது, அவ்வளவுதான். அங்கே திரும்பி மறுபடியும் ஓடிவந்தது. இந்த முறை எங்களுக்கு நேரே வரும்போது சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. நான் பார்த்தேன். நிஜமாகவே தெரிந்தது. உடனே எஞ்சின் சத்தம் அடங்கியது. சக்கரம் தரையில் பட்டு, மெதுவாக உருண்டு வந்து நின்றது.

அவர் இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எஞ்சினுக்குத் தெம்பு பத்தல" என்றார்.

கரையில் சிரிப்புக்குக் கேட்க வேண்டுமா? "மாப்ள, இதுக்கு நம்ம கட்டவண்டியே தேவலப்பா" என்றார் ஒருவர். "நுங்கு ஏத்திக்கிட்டுச் சந்தைக்குப் போகலாம்" என்றார் இன்னொருவர். இவரும் கூடவே சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. நான் பயத்தை விழுங்கி, பொய்யாகப் பின்கட்டில் உட்கார்ந்து, இவ்வளவும் செய்தது இந்த ஓட்டை எஞ்சினுக்காகவா? அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க, எதையாவது கொடுத்து அந்த மனுஷனைத் தேற்ற வேண்டும்போல் இருந்தது. என்னிடம் கொடுக்க இருந்தது ஒன்றுதான்.

சாயங்காலம் சோறு போட்டுவிட்டுச் சொன்னேன். "ஏங்க, நான் முழுகாம இருக்கேன்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே தாடியைச் சொறிந்தார். "அப்ப மார்கழி வரைக்கும் இது இருக்கும்" என்றார்.

எத்தனை மாதம் என்று நான் சொல்லவே இல்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தாடியையே பார்த்தேன். பங்குனியிலிருந்து கத்தி படாத தாடி.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"வெலக்குன்னா வயித்து வலியில சுருண்டு கெடப்ப. தண்ணி கூட எறங்காது. இந்தத் தடவ நான் பொங்குன சோத்த ரெண்டாந்தரம் கேட்ட. அத மனுசென் கேட்டு வாங்கித் தின்பானா?"

"தெரிஞ்சா சொல்லக் கூடாதா?"

"நீ சொல்லல. எனக்காகத்தேன் சொல்லாம இருக்கன்னு தெரிஞ்சது. அத ஏன் கெடுப்பானேன்?" இலையில் இருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினார். "நான் இதெல்லாம் நம்புறவென் இல்ல. ஆனா ரெண்டு தடவ போயிருச்சுல்ல. மலைக்கே போகக் கூடாதுங்கறாக. தரையிலதேன் ஓடணும்னுதேன் நெனச்சேன். அது கேக்கல, எந்திரிச்சிருச்சு. படக்குனு எறக்கிட்டேன்."

நான் அழுதேன். கல் நெஞ்சுக்காரர் என்று நினைத்ததற்கும் சேர்த்து அழுதேன். அவர் இடது கையால் என் தலையைத் தொட்டு, "மோர் ஊத்து" என்றார்.

அன்றிலிருந்து மார்கழி வரைக்கும் ஊர் அவரைத் 'தரை ஏரோப்பிளேன்' என்றே கூப்பிட்டது. ஷெட்டுக்கு வருகிற பஸ் டிரைவர்கள்கூட விடவில்லை. ஒருவரிடமும் ஒரு வார்த்தை அவர் எடுத்துச் சொல்லவில்லை. தாடி நெஞ்சைத் தொட்டது. கொட்டகைக்குள் கறையான் வராமல் தினமும் சாம்பல் தூவி வந்தார்.

மார்கழியில் பெண் பிறந்தாள். முப்பதாம் நாள் தீட்டுக் கழிந்து பெயர் வைத்த மறுநாள், நாவிதர் வேப்பமரத்தடியில் பெட்டியைத் திறந்தார். உள்ளே வந்த மனிதரைப் பார்த்துப் பிள்ளை வீறிட்டு அழுதது.

சித்திரையில் கண்மாய் காய்ந்தது. கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டவள் நான்தான். "இனி மலை ஏறலாம்" என்றேன்.

கரையில் போன வருஷத்துக் கூட்டத்தில் பாதிகூட இல்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். பாதிக் கண்மாய் போவதற்குள் அது எழும்பிவிட்டது. கரையைத் தாண்டி, பனைமரத் தலையைத் தாண்டி, வயலுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் தலைக்கு நேரே வந்தது. வெயில் றெக்கைத் துணிக்குள் ஊடுருவி, நான் போட்ட தையலெல்லாம் வரிவரியாகக் கீழே தெரிந்தது. ஒன்றும் விடவில்லை.

அவர் இறங்கி வந்ததும் ஜனம் சூழ்ந்துகொண்டது. கட்டவண்டி என்று கேலி பேசியவர்தான் முதலில் கேட்டார். "எப்பிடி மாப்ள? போன வருசம் எந்திரிக்கவே இல்ல. எஞ்சின்ல என்னத்த மாத்துனீக?"

எஞ்சினில் அவர் ஒரு திருகைக்கூட மாற்றவில்லை. எனக்குத் தெரியும்.

பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டே அவர் சொன்னார்: "ஒண்ணும் மாத்தலப்பா. செரச்சுக்கிட்டேன், அம்புட்டுத்தேன்."