லாச்சிக்குள் இருந்த கடிதம்

மாத்தளைக்கு அருகில் என் மகள் படித்த பாடசாலையில் மேல் வகுப்புகளுக்குப் பொறுப்பான பகுதித் தலைவரை எனக்கு இன்றுவரை பிடிக்காது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் சிவப்புப் பேனா. விளையாட்டுப் பாடவேளைகளையெல்லாம் கணிதத்துக்குப் பிடுங்கிக்கொள்வார். யாராவது கிண்ணம் வென்றால் மட்டும் படத்தில் முன்வரிசையில் நிற்பார்.

பதினோராம் தரத்தில் மகள் மாகாண ஓட்டப் போட்டிக்குத் தெரிவானாள். வந்த கடிதத்தை அவர் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். போட்டி முடிந்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

“ஏன் சேர் எங்கிட்ட சொல்லல?” என்று போய்க் கேட்டேன்.

“சோதனைக்கு மூணு மாசந்தான் இருக்கு. ஓடி என்னத்தக் கிழிக்கப் போறா? நாளைக்கு நீங்களே வந்து நன்றி சொல்லுவீங்க.”

பரீட்சைக்கு முதல் நாள் பிள்ளைகள் வரிசையாக வந்து, ஒவ்வோர் ஆசிரியருக்கும் வெற்றிலை கொடுத்து வணங்கினார்கள். அவரும் இரண்டு கைகளையும் நீட்டினார். மகள் அவரைக் கடந்து அடுத்தவரிடம் போய்விட்டாள்.

கணிதத்தில் அவளுக்கு ஏ கிடைத்தது. பெறுபேறு வந்த அன்றே அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நன்றியை எதிர்பார்க்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“புள்ள ஏன் எனக்கு மட்டும் வெத்தில தரல?” என்று கேட்டார்.

அந்த மனிதருக்கு உண்மையாகவே தெரியவில்லை.