ரூபினா கூட்டிய கம்ப்யூட்டர் சந்தை

போத்தனூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ரூபினாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு எடுக்க வராத ஆளை நடுரோட்டில் நிறுத்தி, "ஏனுங்க, என் கடை என்ன உங்க ஊட்டுல பழசு போடற அட்டாலிங்களா? கொண்டாந்து போட்டதோட மறந்துட்டீங்க!" என்று கேட்டுவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தனக்கென்று ஒன்றைக் கேட்க மட்டும் நாக்கு எழாது. பக்கத்துக் கடையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கப் போனால், ஊர்ப்பட்ட நலமெல்லாம் விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவாள்.

அவளுடைய அக்கா சித்திகா கோட்டைமேட்டில் எம்பிராய்டரி மிஷின் வைத்துப் பிழைக்கிறாள். மிஷினுக்கு டிசைன் அனுப்பும் கம்ப்யூட்டரின் மதர்போர்டு ரமலானுக்கு முன்னால் புகைந்துபோனது. மிஷினோடு வந்த கார்டு அந்தப் பழைய மாடல் போர்டில்தான் பொருந்தும். அந்த போர்டை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. பெருநாள் ஆர்டரெல்லாம் கைநழுவிப் போய், வேலைக்கு வந்த பெண்களும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அக்கா வீட்டு அடுப்பு அந்த ஒரு போர்டை நம்பி இருந்தது.

ரூபினா ஒரு சந்தை கூட்டினாள். வீட்டில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர் சாமானைக் கொண்டு வாருங்கள், வேண்டியதை எடுத்துப் போங்கள், காசுப் பேச்சே கிடையாது என்று வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பினாள். ஊரில் குப்பை குறையும் என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள். குப்பையாவது ஒன்றாவது! அவள் தேடியது அந்த போர்டைத்தான். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

சட்டமும் அவளே போட்டாள். விருந்துக்குக் கூப்பிட்டவர்கள் முதல் பந்தியில் உட்காருவார்களா? அதனால் நடத்துகிறவள் கடைசியாகத்தான் எடுப்பாள். இன்னொன்று, செத்த சாமானைத் தெரியாமல் தூக்கிப் போய் யாரும் ஏமாறக் கூடாது; கொண்டு வந்தவரே அதை உடைத்து மூலையிலுள்ள டிரம்மில் போட்டுவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை நடந்த கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் திருமூர்த்தி, துண்டில் சுற்றிய போர்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். ரூபினா பிரித்துப் பார்த்தாள். அதே மாடல். கரண்ட் கொடுத்துப் பார்த்தாள். உயிரோடு இருந்தது. யா அல்லாஹ், அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

எனக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார். ஊரைக் கூட்டிவிட்டு முதல் ஆளாகக் கை நீட்டுவதா என்று கூச்சம். போர்டைக் கீபோர்டு குவியலுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். சாயங்காலம் வரை அது அங்கே கிடந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

கிடக்க விட்டால்தானே! ரயில்வேயில் ரிட்டயர் ஆன லட்சுமணசாமி, குவியலைக் கிளறி அதையே வெளியே எடுத்தார்.

"இது ஓடுமுங்களா அம்மணி?"

"ஓடாதுங்க. செத்துப்போச்சு" என்றாள் ரூபினா, படக்கென்று.

அவர் கீழே வைத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். ஆனால் டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்ற திருமூர்த்தியின் முகம் கறுத்துப்போனது.

"அடக் கெரகமே! செத்ததையா கொண்டாந்துபோட்டேன்? ஊட்டுல நல்லா ஓடிட்டு இருந்துச்சுங்களே. பஸ்ஸுல குலுங்குனதுல போயிருச்சாட்ட இருக்குது."

டம்ளரை வைத்தார். போர்டை மேசை விளிம்பில் சாய்த்தார். "இருங்க, இருங்க" என்று ரூபினா எட்டிப் பிடிப்பதற்குள் முழங்கையால் ஒரே அமுக்கு. இரண்டாகப் பிளந்த போர்டைச் சட்டப்படி டிரம்மில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. நாலு பேரு வர்ற எடத்துக்கு இப்படிக் கொண்டாந்தது எனக்கே வெக்கமாப் போச்சு. உங்களுக்கு ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க, எங்கூருப் பக்கம் தேடிப் பாக்கறேன்."

ரூபினாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. டிரம்மைக் காட்டினாள்.

"அதுதானுங்க வேணும். எங்கக்கா மிஷினுக்கு. நல்லாத்தானுங்க ஓடுச்சு, நாந்தான் பொய் சொன்னேன்."

திருமூர்த்தி டிரம்மைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே, அம்மணி" என்றார்.